பேக்லைட்டில் எடுத்த பெரியம்மா படம்: ஷேடோ ஏற்றினால் முகம் சாம்பல் பூத்துவிடுகிறது, என்ன செய்யலாம்?

சின்னப்பாலம் பையன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் பாம்பன் சின்னப்பாலம். படம் எடுப்பது எனக்குத் தொழில் இல்லை, இரண்டு வருடமாகத்தான் கேமரா வைத்திருக்கிறேன். கேனான் 200டி மார்க் 2, 50 எம்எம் 1.8 லென்ஸ்.

எங்கள் பெரியம்மா சின்ன வயதில் இருந்தே கடல்பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவர். போன வாரம் சாயங்காலம் அவர் கரையேறி வரும்போது ஒரு படம் எடுத்தேன். சேலைக்கு மேலே ஆண்கள் சட்டை, தலையில் துண்டு, நெற்றிக்கு மேலே தூக்கிவிட்ட முக்குளிக்கிற கண்ணாடி, விரல் எல்லாம் துணி சுற்றி இருக்கிறது, தோளில் ஈரம் சொட்டுகிற வலைப் பை. நான் கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான், ஒரே ஒரு படம், அடுத்ததற்குள் நடந்து போய்விட்டார்.

வெயில் அவருக்குப் பின்னால் மேற்கே. கடல் முழுக்கப் பளபளவென்று இருக்கிறது, ஓரத்தில் ஒரு வள்ளம், தூரத்தில் பாலம் மங்கலாகத் தெரிகிறது. வானம் வெளுத்துப் போகக் கூடாது என்று குறைத்து எடுத்தேன் (ஐஎஸ்ஓ 100, எஃப் 4, 1/1000). அதனால் வானமும் கடலும் நன்றாக இருக்கின்றன, பெரியம்மா முகம் மட்டும் கருந்திட்டு. கண் இருக்கிற இடமே தெரியவில்லை.

லைட்ரூமில் (படம் திருத்துகிற சாஃப்ட்வேர்) இருட்டான இடங்களை ஏற்றுகிற ஷேடோ ஸ்லைடரை 100 வரைக்கும் இழுத்தேன். முகம் தெரிகிறது, ஆனால் சாம்பல் பூசின மாதிரி இருக்கிறது, சட்டையும் பையும் துண்டும் எல்லாம் ஒரே வெளிச்சத்தில் தட்டையாக, பின்னால் இருக்கிற கடலோடு ஒட்டி வெட்டி வைத்த அட்டை மாதிரி ஆகிவிட்டது. ஆளைக் கடலில் இருந்து பிரித்துக் காட்டவும் வேண்டும், முகத்தில் இருக்கிற நிழல் மிருதுவாகவும் வேண்டும். ரா ஃபைல் (கேமரா பதிந்த மூல ஃபைல்) இருக்கிறது. 12க்கு 18 இன்ச் அளவில் பிரிண்ட் போட்டு அவர் வீட்டில் மாட்ட ஆசை. இதுவரைக்கும் அவருக்கு என்று தனியாக ஒரு படம்கூட இல்லை, ரேஷன் கார்டு ஆதார் கார்டு படம் தவிர. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஆல்பம்காரர், ராமநாதபுரம் எழுதியது:

தம்பி, ரா ஃபைல் இருக்கிறது என்று சொன்னீர்கள் பாருங்கள், அதிலேயே பாதிக் கவலை போய்விட்டது. ஜேபெக்காக மட்டும் இருந்தால் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், இருட்டான இடத்தில் அதிலும் கொஞ்சம்தான் இருக்கும், இழுத்தால் திட்டுத் திட்டாக உடையும். உங்கள் கேமராவின் ரா 14 பிட், அதாவது 16,384 படிகள். ஐஎஸ்ஓ 100இல் எடுத்ததால் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) தைரியமாக ஏற்றலாம். வானத்தைக் காப்பாற்றியதும் சரியான முடிவுதான். வெளுத்துப்போன வானத்தை எந்த சாஃப்ட்வேரும் திருப்பித் தராது, இருட்டான முகத்தைத் தரும்.

தப்பு எங்கே என்றால், ஷேடோ ஸ்லைடர் படம் முழுக்க வேலை செய்கிறது. முகம், பை, சட்டை மடிப்பு, வள்ளத்தின் அடிப்பக்கம், எல்லா இருட்டையும் ஒரே மாதிரி தூக்குகிறது. படத்தில் கருப்பு என்று ஒன்று இல்லாமல் போனால் சாம்பல்தான் மிஞ்சும். அதனால் முதலில் ஷேடோவைப் பூஜ்யத்துக்குக் கொண்டு போங்கள். மொத்தப் படத்துக்கும் ஹைலைட்டை (வெளிச்சமான பகுதிகளை) மட்டும் 50, 60 குறையுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம்.

அப்புறம் மாஸ்க், அதாவது படத்தில் ஒரு பகுதியை மட்டும் பிரித்தெடுத்துத் திருத்துவது. ஆளைத் தேர்ந்தெடுக்கும் மாஸ்க் (செலக்ட் சப்ஜெக்ட்) 2021 அக்டோபரில் வந்த பதிப்பில் இருந்தே லைட்ரூமில் இருக்கிறது, ஒரு கிளிக்கில் ஆளைப் பிடித்துவிடும். முதல் மாஸ்க்கில் ஆளைப் பிடித்து, அதைத் தலைகீழாக்கி, பின்னணியை மட்டும் எடுங்கள். அதில் எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) 0.4 ஸ்டாப் கீழே, கிளாரிட்டி (ஓரங்களின் அழுத்தம்) 10 கீழே, சாச்சுரேஷனும் (நிறத்தின் அடர்த்தி) கொஞ்சம் கீழே. முகத்தை இன்னும் தொடவே இல்லை, ஆனால் இப்போதே பெரியம்மா முன்னால் வந்து நிற்பார். ஆளைப் பிரிப்பதற்கு எல்லோரும் ஆளைத்தான் வெளிச்சமாக்குகிறார்கள். பின்னணியைக் கொஞ்சம் இறக்கினால் முகத்தை அவ்வளவு ஏற்ற வேண்டிய தேவையே இருக்காது.

இரண்டாவது மாஸ்க், ஆள் மட்டும். எக்ஸ்போஷர் 0.7 மேலே, ஷேடோ 25 மேலே. இங்கே ஒரு வேலை மறக்காதீர்கள், பிளாக் ஸ்லைடரை 10, 12 கீழே இறக்குங்கள். சட்டை மடிப்பு, கழுத்தடி, துண்டின் உள்பக்கம் இதெல்லாம் கருப்பாகவே இருக்கட்டும், அதுதான் உடம்புக்குக் கனம் கொடுக்கும். அடுத்து வெள்ளை பேலன்ஸ், அதாவது நிறம் நீலப் பக்கமா மஞ்சள் பக்கமா சாய்கிறது என்று பார்த்துச் சரிசெய்வது. வெயில் முதுகில் படுகிறது, முகத்தில் படுவது எதிர்ப்பக்க வானத்தின் நீல வெளிச்சம். அதனால் முகம் நீலமாகவும் சுற்றி மஞ்சளாகவும் இருக்கும். உங்களுக்குச் சாம்பல் தெரிந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான். ஆள் மாஸ்க்கில் டெம்பரேச்சரை 6இல் இருந்து 10 வரை மஞ்சள் பக்கம் தள்ளிப் பாருங்கள், தோல் உயிர் பெறும்.

மூன்றாவது முகம் மட்டும். ஒரு வட்ட மாஸ்க், ஃபெதர் (ஓரம் மெல்லக் கரைகிற அளவு) நன்றாகக் கூட்டி, 0.3 மட்டும். தோளிலும் துண்டு ஓரத்திலும் வெயில் பட்டுக் கோடு மாதிரி மின்னும், அந்தக் கோட்டின் மேல் இந்த வட்டம் ஏற வேண்டாம். அந்தக் கோடு இருக்கிற வரைக்கும்தான் அது பேக்லைட் படம். அந்த வெளிச்சம் முகத்தைவிட அதிகமாகவே இருக்கட்டும்.

கல்யாண ஆல்பம் 12 வருடமாகச் செய்கிறேன், அரியமானிலும் அரிச்சல்முனையிலும் அவுட்டோர் எடுத்த ஃபைல்கள் வாரத்துக்கு மூன்று நான்கு வருகின்றன, முக்கால்வாசி இதே பிரச்சினைதான்.


பனைமரத்தடி எழுதியது:

எனக்கு என்னவோ அப்படியே சில்லவுட்டாக (முகம் தெரியாத கருப்பு வடிவமாக) விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. வலைப் பை, கண்ணாடி, துண்டு, இந்த வடிவமே போதும், யார் பார்த்தாலும் பாசி எடுக்கிறவர் என்று தெரிந்துவிடும். எடிட் செய்து செய்து கெடுப்பதைவிட இது மேல்.


கீழக்கரை லாத்தா எழுதியது:

பனைமரத்தடி, நீங்கள் சொல்வது கண்காட்சிக்குச் சரி. தம்பி சொன்னதைத் திரும்பப் படியுங்கள், அவருக்கென்று தனியாகப் படமே இல்லை, வீட்டில் மாட்டப் போகிறார். வீட்டுச் சுவரில் பேரப்பிள்ளைகள் பார்க்க வேண்டியது முகம். சிரித்தார் என்று வேறு சொல்கிறார், அந்தச் சிரிப்பு சில்லவுட்டில் எங்கே போகும்?

ஆல்பம்காரர் அண்ணன் சொன்ன முறை நல்ல முறை. நான் சொல்ல வந்தது வேறு. தம்பி, பெரியம்மா கடல் வெயிலில் கருத்த மனுஷி. ஷேடோவைத் தூக்கும்போது நம் கண்ணுக்கே தெரியாமல் ஆளை வெளுக்க ஆரம்பித்துவிடுவோம். "இன்னும் கொஞ்சம் தெரியட்டும், இன்னும் கொஞ்சம்" என்று போய்ப் போய்க் கடைசியில் வேறு யாரோ மாதிரி ஆகிவிடும். என் மகள் நிக்காஹ் ஆல்பத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரையும் ஒரே மாவு நிறத்தில் ஆக்கிக் கொடுத்துவிட்டார்கள், என் மாமியார் முகத்தை எனக்கே ஒரு நிமிஷம் அடையாளம் தெரியவில்லை. அந்த ஆல்பத்தைத் திறக்கும்போதெல்லாம் மனசு கஷ்டமாக இருக்கிறது, அவர் இப்போது இல்லை. அதற்கப்புறம்தான் நானே எடிட்டிங் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன்.

ஒரு வழி சொல்கிறேன். அவரை நேரே வைத்து, மர நிழலில், வெயில் நேராகப் படாத இடத்தில் போனிலாவது ஒரு படம் எடுங்கள். அதை ஸ்கிரீனில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். கன்னத்தின் நிறம் அதைவிட ஒரு படி கீழேதான் நிற்க வேண்டும், மேலே போகக் கூடாது. பேக்லைட்டில் இருக்கிற முகம் நிழலில் இருக்கிற முகம்தானே, அது நிழலில் இருப்பதாகவே தெரியட்டும். சாச்சுரேஷன் ஏற்றினால் கருத்த தோலில் சீக்கிரமே ஆரஞ்சு அடிக்கும், அதைத் தொடாமல் வெள்ளை பேலன்ஸில் மட்டும் சரிசெய்யுங்கள்.

நிழல் மிருதுவாக வேண்டும் என்றீர்கள். உண்மையில் வெயில் பின்னால் இருக்கும்போது முகத்தில் விழுகிற வெளிச்சம் ஏற்கெனவே மிருதுவானதுதான், கோடு போட்ட மாதிரி நிழல் எதுவும் இருக்காது. கடினமாகத் தெரிவது கண்குழியும் மூக்கடியும் தாடைக்குக் கீழேயும்தான், ஏனென்றால் வெளிச்சம் மேலே இருந்து வருகிறது, அவருக்குத் துண்டும் கண்ணாடியும் வேறு நெற்றியை மறைக்கின்றன. அந்த மூன்று இடத்துக்கு மட்டும் சின்ன பிரஷ், ஃப்ளோ (ஒரு தடவலில் ஏறுகிற அளவு) 20, எக்ஸ்போஷர் 0.3. இரண்டு மூன்று தடவை தடவினால் போதும். கண்ணின் வெள்ளையை மட்டும் தனியாக வெளுக்காதீர்கள், உப்புத் தண்ணீரில் முங்கி எழுந்த கண் கொஞ்சம் சிவந்துதான் இருக்கும். டெக்ஸ்சரையும் கிளாரிட்டியையும் முகத்தில் குறைக்க வேண்டாம். கண் ஓரத்துச் சுருக்கம் எல்லாம் அவருடையது.


சின்னப்பாலம் பையன் எழுதியது:

லாத்தா, அண்ணே, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து செய்து பார்த்தேன். பின்னணியை இறக்கினதும் நிஜமாகவே ஆள் முன்னால் வந்துவிட்டார், முகத்துக்கு நான் நினைத்ததில் பாதிகூட ஏற்றத் தேவைப்படவில்லை. வேப்ப மரத்தடியில் அவரை உட்கார வைத்து ஒரு படமும் எடுத்தேன், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதலில் நான் செய்து வைத்திருந்தது எவ்வளவு வெளுப்பு என்று தெரிந்தது.

இப்போது ஒரே ஒரு பிரச்சினை. காதோரம் துண்டுக்கு வெளியே ஈர முடி கொஞ்சம் காற்றில் பிரிந்து நிற்கிறது, வெயில் பட்டு ஒவ்வொரு முடியும் கம்பி மாதிரி மின்னுகிறது. அந்த இடத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் வருகிறது. வலைப் பையின் கண்ணிகளுக்கு நடுவிலும் அப்படித்தான். தூரத்தில் இருந்து பார்த்தால் ஒட்டுப்போட்டது தெரிகிறது.


ஆல்பம்காரர், ராமநாதபுரம் எழுதியது:

அது ஹாலோ. எப்படி வருகிறது என்று புரிந்துவிட்டால் சரிசெய்வது சுலபம். மாஸ்க் முடியை ஒவ்வொன்றாகப் பிடிக்காது, சுற்றி இருக்கிற கடலையும் கொஞ்சம் சேர்த்துப் பிடித்துவிடும். ஆளை 0.7 ஏற்றும்போது முடிக்கு நடுவில் தெரிகிற கடலும் 0.7 ஏறுகிறது. அதே இடத்தில் பின்னணி மாஸ்க் சரியாகப் போய்ச் சேராததால் அங்கே கடல் இறங்கவும் இல்லை. இரண்டும் சேர்ந்து வளையம்.

பிரஷ் வைத்து முடி முடியாக அழிக்க உட்காராதீர்கள், விடிந்துவிடும். ஆள் மாஸ்க்கைத் திறந்து, அதில் இருந்து கழிப்பதற்கு லூமினன்ஸ் ரேஞ்ச் எடுங்கள். வெளிச்சமான பக்கத்தை, அதாவது கடலும் வானமும் இருக்கிற அளவை மட்டும் கழியுங்கள். கழித்த பிறகு அந்த மாஸ்க்கில் இருட்டான பகுதி மட்டும்தான் மிஞ்சும். முடிக்கு நடுவே இருக்கிற கடல் வெளிச்சமானது, அதனால் தானாக வெளியே போய்விடும். வலைக் கண்ணிக்கும் இதே மருந்து. தோள் ஓரத்து வெயில் கோடும் இதில் தப்பித்துவிடும். ரேஞ்சின் ஓரத்தை மட்டும் சடாரென்று வெட்டாமல் சரிவாக வையுங்கள், இல்லாவிட்டால் கன்னத்தில் வெளிச்சம் இருட்டில் கலக்கிற இடத்தில் திட்டு வரும்.

அப்படியும் கொஞ்சம் வளையம் மிஞ்சினால் பின்னணியை 0.4க்குப் பதில் 0.25 இறக்குங்கள். மாஸ்க்கில் எண் சின்னதாக இருந்தால் ஓரத்துக் குறையும் சின்னதாகத்தான் தெரியும். எங்கள் வேலையில் பாதி அதுதான், ஒரு மாஸ்க்கில் பெரிதாகச் செய்யாமல் மூன்று மாஸ்க்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வது.

இன்னொன்று, உங்கள் லென்ஸைக் கொஞ்சம் பாருங்கள். நம் கரையில் காற்றே உப்புதான், அரை மணி நேரம் கடலோரம் நின்றால் முன் கண்ணாடியில் மெல்லிய படலம் படிந்துவிடும். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்போது எடுத்தால் தெரியாது. சூரியனை நோக்கித் திருப்பினால் அந்தப் படலம் ஒளியைச் சிதறடித்துப் படம் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி ஆக்கிவிடும், கருப்பு கருப்பாக நிற்காது. எடிட்டில் டீஹேஸ் (மங்கலை நீக்குகிற ஸ்லைடர்) வைத்து ஓரளவு இழுக்கலாம், ஆள் மாஸ்க்கில் 5, 8க்கு மேல் வேண்டாம், முகம் அழுக்காகிவிடும். காய்ந்த உப்பை அப்படியே துணியால் தேய்த்தால் கோடு விழும், முதலில் புளோயரால் ஊதி, லென்ஸ் லிக்விட் ஒரு சொட்டுத் துணியில் விட்டுத் துடையுங்கள்.


தொண்டிக் கரை எழுதியது:

லைட்ரூமுக்கு மாதா மாதம் கட்ட முடியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். டார்க்டேபிள் இலவசம், லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். இந்த மாதிரிப் படத்துக்கு அதில் டோன் ஈக்வலைசர் என்று ஒன்று இருக்கிறது, 2019 கடைசியில் வந்த 3.0 பதிப்பில் சேர்த்தார்கள். படத்தின் வெளிச்சத்தை ஸ்டாப் ஸ்டாப்பாகப் பிரித்து வைத்திருக்கும், முகம் எந்தப் படியில் இருக்கிறதோ கர்சரை அங்கே வைத்து மவுஸ் சக்கரத்தை உருட்டினால் அந்தப் படி மட்டும் ஏறும். உள்ளே இருக்கிற நுணுக்கத்தைத் தட்டையாக்காமல் ஏற்றுவதுதான் அதன் பலம். முதலில் அதன் மாஸ்க் எக்ஸ்போஷரைச் சரியாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாப் படியும் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும், ஒன்றும் வேலை செய்யாது. நான் ஒரு மாசம் இது தெரியாமல் இந்தக் கருவியே சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆளை மட்டும் தனியாக எடுக்க, கையால் வரைந்த மாஸ்க்கோடு வெளிச்ச அளவு மாஸ்க்கையும் சேர்த்துப் போடலாம், அண்ணன் சொன்ன அதே கழித்தல் வேலைதான்.

போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஸ்னாப்சீட். செலக்டிவ் என்ற கருவியில் கன்னத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு விரலால் கிள்ளினால் எவ்வளவு தூரம் பரவுகிறது என்று சிவப்பாகக் காட்டும். முகத்தளவுக்குச் சுருக்கி, பிரைட்னெஸ் 20, 25. பின்னால் கடலில் இரண்டு புள்ளி வைத்து அதே அளவு கீழே. எச்டிஆர் ஃபில்டர் பக்கம் போகாதீர்கள், ஹாலோ வருவதற்கு அதைவிடக் குறுக்கு வழி இல்லை.


கீழக்கரை லாத்தா எழுதியது:

அடுத்த தடவைக்கு ஒன்று. தம்பி, எடிட்டில் ஏற்றுகிற ஒரு ஸ்டாப்பை எடுக்கும்போதே வாங்கிவிடலாம். வெள்ளை வேட்டி ஒன்றை இரண்டாக மடித்து, ஆளுக்கு முன்னால் இடுப்புக்குக் கீழே சாய்வாக இரண்டு பேர் பிடித்தால் போதும், பின்னால் இருந்து வருகிற வெயில் அதில் பட்டு முகத்துக்குத் திரும்பும். தெர்மாகோல் அட்டையும் நல்லதுதான், கடற்கரைக் காற்றில் பிடிக்க முடியாது, பறந்துவிடும். தனுஷ்கோடிப் பக்கம் என்றால் அதுகூட வேண்டாம், அந்த வெளிறிய மணலே போதும், காய்ந்த மணலைப் பார்த்து நிற்க வைத்தால் தாடைக்குக் கீழே வெளிச்சம் தானாக ஏறும். ஈர மணல் கருப்பு, அது திருப்பித் தராது.

திசையையும் பார்த்துக்கொள்ளுங்கள். தீவில் காலையில் பேக்லைட் வேண்டும் என்றால் அக்னி தீர்த்தம், ஓலைக்குடா, அரிச்சல்முனை. சாயங்காலத்துக்கு உங்கள் சின்னப்பாலமும் குந்துகாலும்தான். சூரியன் இன்னும் ஒரு முழம் இறங்கின பிறகு எடுத்தால் வானத்துக்கும் முகத்துக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசமே பாதியாகிவிடும். ஆனால் வேலை முடித்து வருகிறவரை அதுவரைக்கும் நிற்கச் சொல்லாதீர்கள், பாவம், காலையில் இருந்து தண்ணீரில் கிடந்தவர்.


சின்னப்பாலம் பையன் எழுதியது:

லூமினன்ஸ் கழித்தல் அற்புதமாக வேலை செய்தது அண்ணே, முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது, வளையம் சுத்தமாக இல்லை. வலைப் பைக்குள் பாசி ஈரமாகக் கிடப்பதுகூடத் தெரிகிறது. பின்னணி 0.25தான் இறக்கினேன்.

பிரிண்டுக்கு ஏதாவது பார்க்க வேண்டுமா? ஸ்கிரீனில் சரியாக இருக்கிறது.


ஆல்பம்காரர், ராமநாதபுரம் எழுதியது:

12க்கு 18 என்பது உங்கள் சென்சாரின் அதே 2க்கு 3 விகிதம், ஓரம் வெட்ட வேண்டியது இல்லை. 300 டிபிஐக்கு (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி) 3600க்கு 5400 பிக்சல் தேவை, உங்களிடம் 4000க்கு 6000 இருக்கிறது, தாராளம்.

ஸ்கிரீன் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். பேப்பருக்குப் பின்னால் விளக்கு இல்லை, முழு வெளிச்சத்தில் எடிட் செய்த நிழல் முகம் பிரிண்டில் கண்டிப்பாக ஒரு படி இருட்டும். அப்படி இருட்டாகத் தெரிந்தால் முகத்துக்கு மட்டும் 0.2 கூட்டுங்கள், வெளுப்பு ஆகாது. மேட் பேப்பர் கேளுங்கள், கிளாஸியில் ஜன்னல் வெளிச்சம் எதிரடித்து இருட்டுப் பகுதி காணாமல் போகும். முக்கியமாக, கொடுக்கும்போதே "கரெக்ஷன் எதுவும் வேண்டாம், ஃபைலில் இருக்கிறபடி" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மெஷினே முகத்தை ஏற்றி அடித்துவிடும், நீங்கள் பட்ட பாடு எல்லாம் வீண். முதலில் 4க்கு 6இல் ஒன்று போட்டு, மாட்டப் போகிற சுவரில் வைத்துப் பாருங்கள்.


சின்னப்பாலம் பையன் எழுதியது:

4க்கு 6 வந்துவிட்டது. அண்ணன் சொன்ன மாதிரியே கொஞ்சம் இருட்டாக இருந்தது, முகத்துக்கு 0.2 கூட்டி இரண்டாவது போட்டேன், இது சரி. சாயங்காலம் பெரியம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார். முதலில் கேட்டது பின்னால் நிற்கிற வள்ளத்தைத்தான், "இது யாரு வள்ளம்டா, நீலமா, பச்சையா?" என்று. பின்னணியை இறக்கி சாச்சுரேஷனைக் குறைத்ததில் அதன் பச்சை செத்துப் போயிருந்தது, நான் கவனிக்கவே இல்லை. வள்ளத்தை மட்டும் அந்த மாஸ்க்கில் இருந்து கழித்துவிட்டேன், நாளைக்குப் பெரிய பிரிண்டுக்குக் கொடுக்கிறேன்.